விழுந்த பிறகு

குற்றாலம் என்றதும் தென்மாவட்டங்களில் யாரும் கேட்கிற முதல் கேள்வி, தண்ணி விழுதா என்பதுதான். ஆனி பிறந்துவிட்டால் டீக்கடையிலும் பேருந்திலும் அலுவலகத்திலும் அந்தக் கேள்வி சுற்றிவரத் தொடங்கிவிடும். விழுது என்றால் உடனே வேன் பேசுவார்கள். விழலை என்றால் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பார்கள். கேட்பதில் ஒரு குறையும் இல்லை, ஆசையாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி கொஞ்ச காலமாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விழுந்த தண்ணீர் எங்கே போகிறது என்று அதே ஆவலோடு ஒருவர் இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. பேரருவியை அறியாதவர்கள் தமிழ்நாட்டில் அநேகமாக இல்லை. பேரருவியாக விழுகிற ஆற்றுக்குச் சிற்றாறு என்று பெயர் என்பது, அதில் குளித்துவிட்டுப் படியில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருக்கிற பலருக்கும் தெரியாது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு அது. அந்த ஓட்டத்தில் அருவி சில விநாடிகள்தான். அந்த விநாடிகளுக்குத்தான் பாட்டும் படமும் சுவரொட்டியும் சீசனும். மீதி ஆறு யாருடைய பேச்சிலும் வருவதில்லை. இது சரியா என்று கேட்டுக்கொள்ளும்போதெல்லாம், அருவிக்கடியில் நின்ற உடம்பு அதற்கு எதிராக வாதாடுகிறது. அந்த வாதத்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

உலகத்தில் புகழ்பெற்ற அருவிகள் பெரும்பாலும் பார்ப்பதற்குரியவை. கைப்பிடிச் சுவருக்கு இப்பால் நின்று, சாரல் முகத்தில் பட்டால் போதும் என்று திரும்ப வேண்டியவை. குற்றாலம் அப்படியல்ல. இங்கே அருவியைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பியவரைப் போய்வந்தவராகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உச்சியிலிருந்து நேராக விழுந்தால் இந்தத் தண்ணீருக்கு அடியில் ஒருவரும் நிற்க முடியாது. நடுவழியில் பொங்குமாங்கடல் என்று ஒரு ஆழமான பள்ளம் பாறையிலேயே அமைந்திருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, கொந்தளித்து, வேகம் தணிந்து, பிறகுதான் அகலமாக விரிந்து கீழே இறங்குகிறது. மனிதர்கள் தாங்கக்கூடிய அளவுக்குத் தன் பலத்தை மலையே குறைத்துக்கொடுப்பதுபோல இருக்கும். பாறையின் முகத்தில் சிறிய சிறிய லிங்கங்களைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். தண்ணீர் குறைந்த நாட்களில் அவை தெரியும். பெருகிய நாட்களில் அவற்றுக்கும் நமக்கும் ஒரே நீராட்டுதான். உள்ளே போய் நின்றதும் முதலில் காது போய்விடுகிறது. பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவது மட்டும் தெரியும். தோளில் தண்ணீர் விழும் இடம் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும், அதற்குப் பிறகு வருவதற்கு என்னிடம் பெயர் இல்லை. கடன், வழக்கு, மகளுக்கு வரன், மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, எதுவுமே அந்த நேரத்தில் ஞாபகத்தில் இருக்காது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கிற ஐம்பது வயதுப் பெண்ணின் முகத்தில் பத்து வயதுச் சிறுமி வந்துபோவதைப் பெண்கள் பக்கத்தில் எந்த நாளும் பார்க்கலாம்.

அந்தப் பெண் எங்கிருந்து வந்திருக்கிறார் என்பதும் முக்கியம். குற்றாலத்து வேன்களில் பாதிக்கு மேல் வெயில் ஊர்களிலிருந்து வருவதுபோலத்தான் எனக்குத் தோன்றும். கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விளாத்திகுளம். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசுத் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறவர்கள், மானாவாரிக் கரிசலில் பருத்தியும் உளுந்தும் போடுகிறவர்கள். குழாயில் தண்ணீர் வரும் நாளைக் கணக்கு வைத்துக் குடங்களை வரிசையில் நிறுத்தி வாழ்ந்தவர்கள். வாழ்நாள் முழுவதும் செம்பு கணக்கில் குளித்த உடம்புக்கு மேல், அளவே இல்லாமல், யாரும் நிறுத்தாமல், யாரும் காசு கேட்காமல் தண்ணீர் கொட்டுகிறது. அது வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் நினைக்க முடியவில்லை. தண்ணீர் என்றால் இவ்வளவு இருக்கும் என்று அவர்களுடைய பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலாகத் தெரிந்துகொள்கிறார்கள். ஆகவே சிற்றாற்றைப் பற்றி நான் சொல்ல வருவது எதுவும் அந்தச் சந்தோஷத்தைக் குற்றம் சொல்வதாக ஆகிவிடக் கூடாது என்ற பயம் எனக்கு உண்டு.

எண்ணெய் விஷயத்தில்தான் இந்தப் பயம் அதிகமாகிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் இருந்தார்கள். கல்லில் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இறங்கி, பிடரியில் உள்ளங்கையால் தட்டி எழுப்பிவிடுவார்கள். எண்ணெய் ஊறிய உடம்போடு அருவிக்குள் நுழைந்தவர், பசி எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு, அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார். குற்றாலநாதர் கோயிலில் சுவாமிக்கே மூலிகைத் தைலம் உண்டு. விஷ்ணுவாக இருந்தவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்றும், அதனால் வந்த தலைவலி தீரவே தைலம் சாத்துகிறார்கள் என்றும் சொல்வார்கள். சாமிக்கே தலைக்கு எண்ணெய் வைக்கிற ஊரில் மனிதனிடம் எண்ணெய் வைக்காதே என்று எப்படிச் சொல்வது? ஆனால் 2014இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ பயன்படுத்தத் தடை விதித்தது. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன். நாலைந்து குடும்பங்கள் வந்து நல்லெண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துக் குளித்த காலத்தில் ஆறு அதைத் தாங்கியது. சீசன் ஞாயிற்றுக்கிழமையில் வந்து இறங்குகிற கூட்டம் ஆளுக்கு ஒரு ரூபாய் ஷாம்பூவைப் பிய்த்து ஊற்றினால் தாங்காது. பாறை இடுக்கில் செருகியிருக்கும் பச்சை நிற, நீல நிற உறைகள், தண்ணீர் குறைந்த மறுநாள் கண்ணில் படும். கூடவே கழற்றி எறிந்த பனியன், சிறுபிள்ளையின் உள்ளாடை, ஒற்றை ரப்பர் செருப்பு. பழைய துணியோடு பழைய பீடையும் போகட்டும் என்று விட்டுப்போகிறவர்களும் இருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீர் எதையும் கொண்டுபோய்விடும் என்பது நம்முடைய ஆழமான நம்பிக்கை. கொண்டுபோய் எங்கே வைக்கும் என்பதுதான் அந்த நம்பிக்கையில் இல்லை. எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவர்களின் கையில் இருந்த வித்தைக்கு அருவியைவிட்டுத் தள்ளி ஒழுங்கான ஓர் இடம் கொடுத்திருக்க வேண்டும். தடை போட்டதோடு ஆற்றைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வதும் எனக்கு ஒப்பவில்லை.

அருவியிலிருந்து வெளியே வந்தவர்கள் இடது பக்கம் வலது பக்கம் கடைகளைப் பார்க்கிறார்கள். மங்குஸ்தான், ரம்புட்டான், கூடையில் தனியாக முள்ளோடு உட்கார்ந்திருக்கும் துரியன், கொப்பரை எண்ணெயில் பொரிகிற நேந்திரம் சிப்ஸ் வாசனை. எல்லாமே அழகுதான். அந்தக் கடைத்தெருவை ஒட்டித்தான் ஆறும் போகிறது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் எந்தத் தண்ணீருக்காக முண்டியடித்தோமோ அதே தண்ணீர். அதன் பக்கம் ஒரு தலையும் திரும்பாது. அங்கிருந்து தென்காசிக்கு வந்து யானைப்பாலத்துக்குக் கீழே போகும்போது அது ஊராரின் ஆறாகிவிடுகிறது. துணி துவைப்பார்கள், மாடு குளிப்பாட்டுவார்கள், கருமாதிக்கு மூழ்கி எழுவார்கள். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காசியை நினைத்து இங்கே விசுவநாதருக்குக் கோயில் எடுத்தான். கோபுர வாசலில் நின்றால் மலைக் காற்று ஆளைத் தள்ளும். காசி என்று ஓர் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் பக்கத்தில் ஓர் ஆறு வேண்டும். அந்த அரசனின் மனத்தில் கங்கையின் இடத்தில் இருந்தது இந்தச் சிற்றாறுதான் என்று எண்ணிப் பார்க்கிறேன். இன்று அதே ஆற்றில் ஊர்ச் சாக்கடை இறங்குகிற இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைக் கடக்கிறோம்.

இந்தத் தண்ணீர் வருகிற வழியை நினைத்தால் இன்னும் மனது கலங்குகிறது. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் மாதங்களில், மலைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சமவெளிக்கு நியாயமாக மழை கிடையாது. இந்தப் பக்கத்தின் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாசல் விட்டிருப்பதால் மேகமும் காற்றும் புகுந்து வருகின்றன. அந்த மிச்சம்தான் சாரல். அந்த மிச்சத்தைக் காடு பிடித்துவைத்து, வேரிலும் சருகிலும் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அதைத்தான் நாம் சீசன் என்கிறோம். குடியானவருக்கு அது கார்ப் பருவம். ஆனியில் ஆறு பெருகினால் கால்வாயில் தண்ணீர் வரும், குளத்தில் விழும், நாற்று பாவலாம். அடுத்த பருவமான பிசானம் வடகிழக்கு மழையை நம்பி. அருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்துக் கொட்டுகிற நாட்களில் பல தடவை கடைமடைக் குளங்கள் வெடித்துக் கிடந்திருக்கின்றன. கடையநல்லூர் போகிற சாலையில் ஒரு குளக்கரை வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் சொன்னது: “தம்பி, அருவில வெள்ளம்னு டிவியில காட்டுதாவ. ஜனங்க ஆடுறதையும் காட்டுதாவ. கொளத்துக்கு எவ்வளவு வந்திருக்குன்னு எவனாவது காட்டுதானா? தண்ணி விழுந்தா வந்ததா ஆயிருமா? மடையில வந்து நிக்கணும்லா, அப்பதான வந்த கணக்கு.” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார். விழுவது வேறு, வந்து சேர்வது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தமிழ் இலக்கியம் இந்த விஷயத்தில் நம்மைவிட விரிந்த பார்வையோடு இருந்திருக்கிறது. குற்றாலக் குறவஞ்சி எல்லோருக்கும் தெரியும். பக்கத்து மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. மலையைத் தன் வீடாகச் சொல்லிக்கொள்கிற குறத்தியின் குரல் அதில். அருவி அவளுக்கு நாள் குறித்துப் போய்ப் பார்த்துவருகிற இடமாக இல்லை. தினப்படி வாழ்க்கையின் சத்தமாக இருக்கிறது. இது ஆற்றின் தலைமாடு. சிற்றாறு கங்கைகொண்டான் வழியாக ஓடித் தாமிரபரணியோடு சேருகிற இடம் சீவலப்பேரி. அந்தச் சீவலப்பேரிதான் முக்கூடற்பள்ளில் வரும் முக்கூடல். ஆற்றில் வெள்ளம் வரப்போவதன் குறிகளையும், வந்த வெள்ளம் நிலம் நிலமாக இறங்கி வயலைச் சேர்வதையும், விதை வகைகளையும், மாடுகளையும், இரண்டு பெண்டாட்டிக்காரப் பள்ளனின் வீட்டுச் சண்டையையும் பாடுகிற நூல் அது. ஆக ஒரே ஆற்றின் தொடக்கத்தில் குறவஞ்சி, முடிவில் பள்ளு. மேலே குறத்தி, கீழே பள்ளியர். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழாசிரியர்கள் இரண்டையும் தனித்தனி வகுப்பில், தனித்தனி சிற்றிலக்கிய வகைகளாக நடத்தினார்கள். இரண்டையும் நனைத்தது ஒரே தண்ணீர் என்று வரைபடத்தைக் காட்டிச் சொல்லியிருந்தால், எங்கள் மாவட்டப் பிள்ளைகள் ஓர் ஆற்றையே முழுசாகப் படித்திருப்பார்கள். ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில் கழித்து, 1954இல் அங்கேயே மறைந்தார். கவிதையை அனுபவிக்க ஊரே திரண்டு அவர் வீட்டுக்கு வந்தது. சாரலில் உட்கார்ந்து கம்பனைக் கேட்டவர்களுக்கும் அருவியே பிரதானமாக இருந்திருக்கும். அதில் வியப்பில்லை. ஓர் அழகு கண்ணெதிரே இருக்கும்போது அது எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றாது. அழகுக்கு அப்படி ஒரு கண்மறைப்பு உண்டு.

இந்தக் கண்மறைப்பை அரசுகள் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. நயாகராவைப் பற்றி 1950இல் அமெரிக்காவும் கனடாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சுற்றுலாக் காலத்தின் பகல் நேரத்தில் அருவியில் விநாடிக்குக் குறைந்தது 1,00,000 கன அடி விட வேண்டும். மற்ற நேரங்களில் அதில் பாதி போதும். மிஞ்சியதை மின்சாரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பார்க்க ஆள் இருக்கிற நேரத்துக்கு ஓர் அருவி, இல்லாத நேரத்துக்கு ஓர் அருவி. நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் அதிரப்பள்ளி அருவிக்கு மேலே 163 மெகாவாட் நீர்மின் திட்டம் பேசப்பட்டபோதும், அருவிக்கு வேண்டிய தண்ணீரை விட்டுவிடுவோம் என்பதே ஆதரித்தவர்களின் சமாதானமாக இருந்தது. அருவி விழுந்துகொண்டிருந்தால் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்ற கணக்கு. அங்கே எதிர்த்து நின்ற சாலக்குடி ஆற்றுப் பாதுகாப்பு இயக்கத்தினர் அந்தக் கணக்குக்குள் விழவில்லை. மேலே மீனுக்கும் காட்டுக்கும் காடர் குடியிருப்புகளுக்கும், கீழே பாசனத்துக்கும் குடிநீருக்கும் என்ன ஆகும் என்று ஆற்றை முழுசாக வைத்துத்தான் கேட்டார்கள். சுற்றுலாக்காரர்களைத் திருப்திப்படுத்துகிற பதிலில் அவர்கள் திருப்தி அடையவில்லை. குற்றாலத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். ஓடையைத் திருப்பி, தங்கள் எல்லைக்குள் செயற்கையாக அருவி அமைத்துக்கொண்டார்கள் சில தனியார் விடுதிக்காரர்கள். கூட்டம் இல்லை, வரிசை இல்லை, காசு கொடுத்தவர் மட்டும் நிற்கலாம். 2022இல் இது உயர்நீதிமன்றம்வரை போய், அப்படிப்பட்ட அருவிகளை மூட உத்தரவு வந்தது. விழுவது மட்டும்தான் வேண்டும் என்று ஒரு சமூகம் முடிவு செய்துவிட்டால், விழவைப்பதற்கு ஒரு குழாயும் ஒரு பாறைச் சுவரும் போதும் என்று யாராவது ஒருவர் கண்டுபிடிக்கத்தான் செய்வார். கோவில்பட்டிப் பெண்ணும் சென்னைத் தொழிலதிபரும் ஒரே தண்ணீரில் நனைகிற ஓர் இடமாவது இருப்பதை அந்தக் கண்டுபிடிப்பு குலைத்துவிடும்.

ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருப்பதை மறந்தவர்கள் மேல்பக்கம் இருப்பதையும் மறக்கிறார்கள். பேரருவியில் பாதுகாப்பு வளைவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டித் தண்ணீர் விழத் தொடங்கினால் போலீஸார் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவார்கள். வெளியேறுகிறவர்களின் முகத்தில் கோபம் இருக்கும். இங்கே வெயில் அடிக்கிறதே, மழையே இல்லையே என்பார்கள். மழை பெய்வது இங்கே இல்லை, மேலே காட்டில். முதலில் நிறம் மாறும், செம்மண் வாசனை வரும், சருகும் குச்சியும் உருண்டுவரும். மலையில் பழகியவர்கள் அதற்குள் கரையேறிவிடுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வெள்ளம் திடீரென்று இறங்கி, படிகளில் ஜனங்கள் சிதறி ஓட, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச்செல்லப்பட்டு இறந்தான். கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளை. அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அருவியைக் குளியலறை அளவுக்குப் பழக்கிக் காட்டியவர்கள் நாம். சுவர், கம்பி, படிக்கட்டு, உடைமாற்றும் அறை எல்லாம் கட்டி, இது ஒரு காட்டாறு என்பதை அவன் கண்ணிலிருந்து மறைத்துவைத்தவர்கள் நாம். பழைய குற்றாலத்துத் தண்ணீர் அழுதகண்ணியாறாக ஆயிரப்பேரி வயல்களைப் பார்க்கப் போகிறது. அன்றைக்குக் கீழே எல்லோரும் தேடிப் போனது அந்த ஆற்றின் வழியைத்தான். ஓர் உயிர் போன பிறகு தெரியவேண்டிய வழியா அது?

காட்டுக்குள் தேனருவிக்குப் போக இப்போது பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அது நல்லது. மேலே காடு காடாக இருக்கட்டும், அது வனத்துறையின் பொறுப்பு. அருவிக்குக் கீழே இருப்பது நம்முடைய பொறுப்பு. இந்தச் சாரலுக்குப் போகிறவர்கள் நன்றாகக் குளியுங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். ஷாம்பூவை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள், நனைந்த பழந்துணியைக் கையோடு திரும்பக் கொண்டுபோங்கள். திரும்பும் வழியில் பிள்ளைகளைத் தென்காசி யானைப்பாலத்தில் இறக்கி ஆற்றைக் காட்டுங்கள். நெல்லை வழியாகப் போகிறவர்கள் சீவலப்பேரிக்கும் போய்வரலாம், அதிகத் தூரம் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அறை எடுக்கிற விடுதியில் வெந்நீர் வருமா, கார் நிறுத்த இடம் உண்டா என்று கேட்கும்போதே, இந்த விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். பதில் சொல்லாத இடத்தில் தங்காதீர்கள்.